கணக்கில் கோட்டைவிட்ட இரண்டு பேர்

1

இங்கிலாந்துக்கு வந்து ஒன்பது வருடம் முடிந்த அன்று, என் மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "கணக்கெல்லாம் உனக்குச் சரியாக வருமா, கண்ணே?" என்று கேட்டார்.

"கண்ணே" என்றதும் மயங்கிவிடாதீர்கள். இந்த யார்க்ஷயர்ப் பக்கத்தில் பஸ் ஓட்டுகிறவர், மீன் விற்கிறவர், போலீஸ்காரர் எல்லோருமே எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். திட்டப்போவதற்கு முன்னாலும் கூப்பிடுவார்கள்.

நான் வேலை பார்ப்பது ஒரு முதியோர் இல்லத்தில். குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, சாப்பிட வைப்பது, கதை கேட்பது. இதெல்லாம் எனக்கு நன்றாக வரும். ஆனால் அங்கே ஒவ்வொருவரும் நாளெல்லாம் எவ்வளவு குடித்தார்கள் என்று எழுதி, மாலையில் கூட்டிப் போட ஒரு தாள் உண்டு. மார்கரெட் என்று எண்பத்தெட்டு வயதுப் பாட்டி. டீ இருநூறு மில்லி, தண்ணீர் நூற்றைம்பது, சூப் நூற்றெண்பது என்று எட்டு வரி எழுதியிருந்தேன். கூட்டினால் ஆயிரத்து இருநூறு வரவேண்டும். நான் தொள்ளாயிரம் என்று எழுதிவிட்டேன். பத்தாம் இடத்தில் முப்பது வந்தது. பூஜ்யத்தைப் போட்டேன். நூறாம் இடத்துக்குப் போகவேண்டிய மூன்றை வழியிலேயே விட்டுவிட்டேன்.

மறுநாளும் இதே மாதிரி. பாட்டி சரியாகத் தண்ணீர் குடிப்பதில்லை என்று நர்ஸ் பயந்து, டாக்டருக்குப் போன் போட்டு, ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்பது வரை பேச்சு போய்விட்டது. அதற்குள் ஆளாளுக்கு ஒரு டம்ளரோடு பாட்டியைச் சுற்றி நின்றார்கள். "என் வயிற்றில் கப்பலே விடலாம், இன்னுமா?" என்று மார்கரெட் கத்தியபிறகுதான் ஒருவர் தாளை எடுத்து மறுபடி கூட்டிப் பார்த்தார்.

மேலாளர் திட்டவில்லை. "பக்கத்துக் கல்லூரியில் பெரியவர்களுக்கு இலவசக் கணக்கு வகுப்பு இருக்கிறது. அதில் தேறினால் உன்னை சீனியர் பயிற்சிக்கு அனுப்பலாம். மருந்து கொடுக்கும் பொறுப்பெல்லாம் வரும். தேறாமல் அனுப்ப முடியாது" என்றார். "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? இருபத்தேழு வருடமாக எதைக் கண்டு ஓடிக்கொண்டிருந்தேனோ, அது கடல் தாண்டி வந்து நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்திருந்தது.

2

நான் எஸ்தர். சொந்த ஊர் புதுவாயலிலிருந்து உள்ளே தள்ளி. என் அப்பா அம்மா இரண்டு பேரும் நடவு, அறுப்பு என்று போனவர்கள். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வந்தபிறகு அப்பா அங்கே லோடு ஏற்றப் போனார்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் எனக்குக் கணக்கில் இருபத்தொன்பது. என் பக்கத்து வீட்டுக் கஸ்தூரிக்கு முப்பத்தொன்று. முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். மற்ற பாடங்களில் இரண்டு பேருமே தேறியிருந்தோம். கஸ்தூரி இன்றுவரை என்னைவிட இரண்டு மார்க் பெரியவள் என்ற தோரணையில்தான் பேசுவாள். மறுபடி எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த மாதமே இரண்டு பேரும் கம்பெனி வண்டியில் ஏறிவிட்டோம். பாட்டில் மூடி செய்கிற கம்பெனி. எங்களுக்கு பேக்கிங்.

எட்டு வருடம் கழித்து எனக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை ஜான்சன், திருவள்ளூர்க்காரர், சென்னையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். பேசி முடித்த என் சித்தப்பா, "பொண்ணு பத்தாவது படிச்சிருக்குது" என்று சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை. படித்தேன்தான். "பாஸ்" என்ற ஒரு சொல்லை மட்டும் அவர் பேச்சில் சேர்க்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அதைத் தாங்களாகவே சேர்த்துக்கொண்டார்கள். நானும் எடுத்துவிடவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஒரு சொல்லைக் காப்பாற்ற நான் பட்ட பாடு இருக்கிறதே! எங்கேயாவது கணக்குப் போடவேண்டி வந்தால் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருப்பேன். ஜான்சனுக்கு இங்கே வேலை கிடைத்து வந்த புதிதில் ஜன்னலை அளந்து திரை வாங்கினேன். அங்குலத்துக்கும் சென்டிமீட்டருக்கும் இடையில் மாட்டிக்கொண்டு, திரை ஜன்னலின் பாதியிலேயே நின்றுவிட்டது. "இப்பல்லாம் இதான் ஃபேஷன்" என்று சொல்லிச் சமாளித்தேன். முதல் வேலைக்கு நேர்காணலுக்கு வரச் சொன்னவர் போனில் "ஹாஃப் சிக்ஸ்" என்றார். ஆறில் பாதி மூன்று என்று மூன்று மணிக்கே போய், பூட்டிய கதவுக்கு முன்னால் மழையில் மூன்றரை மணி நேரம் நின்றேன். ஆறரை மணியை இவர்கள் அப்படிச் சொல்வார்களாம். வாழ்க்கையில் நான் சட்டென்று சரியாகப் போட்ட ஒரே கணக்கு அது. அதற்கும் பலன் இல்லை.

3

வகுப்பில் சேர வீட்டுக் கணினியில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஜான்சன்தான் உட்கார்ந்து நிரப்பினார். பெயர், முகவரி, விசா வகை, எத்தனை வருடமாக இங்கே, இதற்கு முன்னால் எங்கே, யாருக்காவது பராமரிப்புத் தேவை உண்டா... இந்த நாட்டில் மனிதனைவிட அவன் படிவம் பெரியது. "உச்சக் கல்வித்தகுதி" என்ற இடத்தில் அவர் என்னைக் கேட்காமலே "பத்தாம் வகுப்புத் தேர்ச்சி" என்று தட்டினார். நான் பக்கத்தில் நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கீரையை இன்னும் கவனமாக ஆய்ந்தேன்.

இரண்டு நாளில் கல்லூரியிலிருந்து பதில் வந்தது. சான்றிதழை எடுத்து வரவும் என்று.

"சர்டிபிகேட் எங்க வச்சிகிற? ஊர்லயா? ஒங்க அண்ணனாண்ட சொல்லி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு" என்றார் ஜான்சன்.

"இல்லங்க."

"இன்னா இல்ல? தொலஞ்சிடுச்சா?"

"நான் பாஸ் பண்லங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "இன்னா சொல்ற?"

"கணக்குல இருபத்தொம்பது."

அவர் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். கத்தவில்லை. கணினியை மூடிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். இரண்டு நாள் வீட்டில் "சாப்பாடு", "சாவி", "குப்பை வண்டி" என்று ஒற்றைச் சொற்களிலேயே குடும்பம் நடந்தது.

மூன்றாம் நாள், பாத்திரம் துடைத்துக்கொண்டே அவராக ஆரம்பித்தார். "ஃபெயிலானது எனக்கு ஒண்ணுமே இல்ல எஸ்தர். எங்கூட படிச்சவன் பாதி பேரு ஃபெயிலு. என்னாண்ட சொல்றதுக்கு ஒனக்கு பத்தொம்பது வருஷம் ஆயிருக்குது. அதான் பேஜாரா கீது."

"மொதல்லயே சொல்லியிருந்தா கட்டியிருப்பீங்களா?"

தட்டைத் துடைத்தபடி அவர் உண்மையாகவே யோசித்தார். "தெர்ல" என்றார்.

"கட்டியிருப்பேன்" என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அந்தத் "தெர்ல"தான் என்னைத் தேற்றியது. அவரே மறுபடி கணினியைத் திறந்து, படிவத்தைத் திருத்தி அனுப்புவதற்காக "தேர்ச்சி" என்ற சொல்லை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். பத்தொன்பது வருடத்துப் பொய் போக எத்தனை விநாடி ஆகிறது பாருங்கள்.

4

வகுப்பு செவ்வாய்க்கிழமைகளில். எட்டுப் பேர். ஆசிரியை ஹெலன் முதல் நாளே ஒரு சின்னத் தேர்வு வைத்து, ஒவ்வொருவரும் எந்தப் படியில் இருக்கிறோம் என்று தனித்தனியாகச் சொன்னார். நான் பத்து வயதுப் பிள்ளையின் படியில் இருந்தேன். "நல்ல அடித்தளம்" என்றார். இங்கே யாரும் யாரையும் மட்டம் தட்டுவதில்லை. அடித்தளம் மட்டுமே இருக்கிற கட்டடத்தைக்கூடப் பாராட்டுவார்கள்.

என்னைப் படுத்தியது கணக்கைவிட அதைச் சொல்லும் மொழி. நம் ஊரில் "மூணு இன்டு பன்னெண்டு" என்றால் பெருக்கல். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஹெலன் ஒரு நாள், "த்ரீ இன்டு ட்வெல்வ்?" என்று கேட்டதும் நான் எல்லோருக்கும் முந்தி "முப்பத்தாறு!" என்று கத்தினேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. இங்கே அதற்குப் பொருள், பன்னிரண்டில் மூன்று எத்தனை முறை போகும் என்பது. விடை நான்கு. பெருக்குவதற்கும் வகுப்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு நாடுகள் இத்தனை காலம் எப்படி வியாபாரம் செய்தன என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் என் மகள் ஜெனி தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்குப் பதினைந்து வயது. ஆறு வயதில் இங்கே வந்தவள். நாங்கள் பேசும் தமிழ் அவளுக்குப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும், அதுவும் அறைக்கதவு மூடுகிற சத்தத்தோடு சேர்ந்து. "அம்மா, தயவுசெய்து என் ஃபிரெண்ட்ஸ் முன்னால் இன்டு சொல்லாதே" என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டாள். நான் கணக்கு வகுப்புக்குப் போவதையே அவள் யாரிடமும் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. நான் என் தோல்வியை மறைத்தேன். அவள் என் முயற்சியை மறைத்தாள். குடும்ப வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன்.

பின்னங்கள் வந்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. ஹெலன் பலகையில் ஒரு வட்டம் வரைந்து, "காலில் பாதி என்ன?" என்று கேட்டார். என் வாயிலிருந்து தமிழிலேயே வந்துவிட்டது: "அரைக்கால்!" என்ன சொன்னாய் என்று கேட்டார். அரை என்றால் பாதி, கால் என்றால் நான்கில் ஒன்று, அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று என்றேன். "அப்படியானால் விடை உங்கள் சொல்லிலேயே இருக்கிறதே!" என்று ஹெலன் வியந்துபோய் அதைப் பலகையில் எழுதினார்.

அன்று பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது என் அம்மா வாயில் அடிக்கடி வரும் ஒரு சொல் ஞாபகம் வந்தது. எந்த வேலையானாலும் முடியப்போகிறது என்றால், "முக்காலே மூணுவீசம் ஆயிடுச்சி" என்பார். அதை நான் ஒரு பேச்சு என்றே நினைத்திருந்தேன். அது ஒரு எண். வீசம் என்றால் பதினாறில் ஒன்று. முக்கால் என்றால் பதினாறில் பன்னிரண்டு. அதோடு மூன்று வீசம் சேர்த்தால் பதினாறில் பதினைந்து! கையுறையைக் கழற்றி, பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிச் சரிபார்த்தேன். பஸ் வந்து, நின்று, போயேவிட்டது.

5

இந்தச் சந்தோஷத்தையெல்லாம் சொல்ல எனக்குக் கஸ்தூரியை விட்டால் ஆள் ஏது? ஞாயிற்றுக்கிழமை என் மதியம் அவளுக்குச் சாயங்காலம். புதுவாயல் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் வீடு. இன்னமும் அதே மூடிக் கம்பெனி, அதே பேக்கிங், இன்னமும் காண்ட்ராக்ட். வீடியோவில் நான் அரைக்கால், வீசம் என்று அளந்துகொண்டிருக்க, அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏய், இந்த வயசுல பாஸ் பண்ணா நெசமாவே வேலைல மேல தூக்கி வுடுவாங்களா?"

"பயிற்சிக்கு அனுப்புவாங்க."

மடித்த துணியை அவள் ஓரமாக வைத்தாள். பிறகு, "இங்கயும் லைன் லீடர் எடுக்கறாங்கடி. பத்தாவது சர்டிபிகேட் இருந்தாத்தான் பேரே எழுதுவாங்களாம். நான் வேல கத்துக் குடுத்த பொண்ணுங்க நாலு பேரு இப்ப எனக்கே லீடரு. காலெல்லாம் வீங்கிக்கினு நாள் பூரா நிக்க முடியல மே" என்றாள்.

"நீயும் எழுது."

"எதை?"

"கணக்கு ஒண்ணுதானே பாக்கி? தனித்தேர்வரா எழுது."

"போடி இவளே. மூஞ்சிய பாரு. எனக்கு பேரன் பொறக்கப் போறான்" என்று போனை வைத்துவிட்டாள். அடுத்த வாரம் அவளே கூப்பிட்டு, "விண்ணப்பத்துக்கு இன்னா இன்னா வேணுமாம், கேட்டியா?" என்றாள், ஏதோ நான்தான் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பது போல.

இங்கே படிவம் பெரியதென்றால் அங்கே பெயர் சிக்கல். பழைய மதிப்பெண் தாளில் அப்பா எழுத்தோடு மு.கஸ்தூரி, ஆதாரில் புருஷன் எழுத்தோடு வே.கஸ்தூரி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க, பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர்க் கல்வி அலுவலகத்துக்கு மூன்று தடவை பஸ் ஏறினாள். மூன்றும் சம்பளமில்லாத நாட்கள். கடைசித் தடவை அங்கே இருந்த எழுத்தர் அம்மா, "இந்த வயசுல எதுக்கும்மா?" என்று கேட்டாராம். "நின்னு நின்னு காலு போச்சுமா, ஒக்காந்து வேல செய்லாம்னுதான்" என்றாளாம் இவள். அந்த அம்மா வேறு எதுவும் கேட்காமல், எந்த இடத்தில் என்ன எழுத வேண்டும் என்று தானே பென்சிலில் குறித்துக் கொடுத்திருக்கிறார்.

ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கப் போன கதை இன்னும் நன்றாக இருக்கும். கூட்டுரோட்டுக் கடைக்காரர், "பொண்ணு எத்தினியாவது படிக்குது?" என்று கேட்டிருக்கிறார். "பொண்ணுக்கு கல்யாணமாயி அஞ்சு மாசம் முழுகாம கீது. டப்பா எனக்கு" என்றாளாம். கடைக்காரர் ஒரு அழிப்பானைச் சும்மா சேர்த்துக் கொடுத்தாராம்.

6

ஞாயிறு தோறும் படிப்பு நடந்தது. நான் அவளுக்குச் சொல்லித்தருவேன் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன்.

"விகிதம்னா எனக்கு ஏறவே மாட்டேங்குது" என்றாள் ஒரு நாள்.

"கம்பெனில மூடிய எப்படி எண்றீங்க? ஒவ்வொண்ணாவா?"

"யாரு ஒக்காந்து எண்ணுவா? எடை மெஷின்ல பத்து மூடி போட்டு பாப்போம். இருபத்திமூணு கிராம் காட்டும். அப்ப ஆயிரம் மூடிக்கு ரெண்டு கிலோ முந்நூறு வர்ற வரைக்கும் கொட்டிக்கினே இருப்போம்."

"அதாண்டி விகிதம்."

"இதா?" கஸ்தூரிக்குக் கோபமே வந்துவிட்டது. "இதத்தான் நான் இருபத்தேழு வருஷமா பண்ணிக்கினு கீறேனே! அப்ப அந்த வாத்தியாரு எதுக்கு அன்னிக்கு என்னை பெஞ்சு மேல ஏத்துனாரு?"

சதவீதமும் அப்படித்தான். ஐந்நூறு மூடியில் பதினைந்து கழிவு என்றால் மூன்று சதவீதம் என்று தினமும் கம்பெனிப் பலகையில் எழுதுகிறவளே அவள்தானாம்.

ஆனால் இயற்கணிதம் வந்ததும் இரண்டு பேரும் திணறினோம். என் பாடத்திட்டத்தில் அது இல்லை. அவளுக்கோ நிறைய இருந்தது. "இந்த எக்ஸு யாருடி? எல்லா கணக்குலயும் வந்து நிக்கறான்" என்று அவள் புலம்பியபோது, தண்ணீர் எடுக்க வந்த ஜெனி பின்னால் நின்று சிரித்துவிட்டாள். அவள் பள்ளியில் அந்த வருடம் அதே பாடம்தான் நடந்தது.

"கண்ணு, நீ சொல்லு. ஒங்கம்மாவுக்குத் தெரியல" என்றாள் கஸ்தூரி.

ஜெனி என்னைப் பார்த்தாள். கஸ்தூரிக்கு ஆங்கிலம் தெரியாது. தப்பிக்க வழியில்லை. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துத் தமிழில் ஆரம்பித்தாள். "ஆன்ட்டி... எக்ஸ் வந்து... தெரியாத நம்பர். நீ அதைக் கண்டுபிடி பண்ணணும். பிளஸ் அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆகு."

"அதாவது, ஷிஃப்ட்டுல இருபது பேரு. வந்தது பதினேழு. லீவு போட்டவங்க எத்தினி பேரு? அதான் எக்ஸா?"

"ஆமா! ஆமா! அதான்!" என்று குதித்தாள் ஜெனி.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அங்கே வேலை குறைந்துபோனது. மகள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பேசினாள். "எத்தினி", "கீது" என்றெல்லாம் அவள் வாயில் வர ஆரம்பித்தது. ஒன்பது வருடமாக நான் தமிழ்ப்புத்தகம் வாங்கிக் கொடுத்து வராதது, எக்ஸ் என்கிற அந்த லீவு போட்ட ஆளால் வந்தது. இடையில் ஒரு ஞாயிறு இங்கே குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். நான் அதைக் கணக்கில் சேர்க்காமல் போக, கஸ்தூரி ஒரு மணி நேரம் நோட்டும் கையுமாகக் காத்திருந்து, "இவ்ளோ பெரிய நாட்டுல நேரத்தக்கூட ஒழுங்கா வச்சிக்க மாட்டீங்களா?" என்று எங்கள் மூன்று பேரையும் சேர்த்து வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

7

என் தேர்வு முதலில் வந்தது. கணினி முன்னால் உட்கார வேண்டும். மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். முதல் கணக்கு ஒரு சாதாரணக் கூட்டல். போட்டேன். சரியாகத்தான் இருந்தது. ஆனால் மார்கரெட் பாட்டியைச் சுற்றி டம்ளர்களோடு நின்றவர்கள் கண்ணுக்குள் வந்துவிட்டார்கள். மறுபடி கூட்டினேன். கீழிருந்து மேலே ஒரு தடவை, மேலிருந்து கீழே ஒரு தடவை. ஒவ்வொரு கணக்கையும் இப்படியே நான்கு தடவை சரிபார்த்ததில், கடைசி ஆறு கணக்கைத் தொடுவதற்கு முன்னாலேயே திரை மூடிக்கொண்டது.

மூன்று மதிப்பெண்ணில் போயிற்று.

நாற்பத்து மூன்று வயதில் கணக்கில் ஃபெயில் ஆவது பதினாறு வயதில் ஆவதைவிட வலிக்கிறது என்று கண்டுகொண்டேன். அப்போது பக்கத்தில் கஸ்தூரியும் ஃபெயில். இப்போது நான் மட்டும். ஜான்சன் டீ போட்டுக் கொடுத்தார். "போட்ட கணக்கெல்லாம் சரி இல்ல? அப்ப ஒனக்கு கணக்கு தெரியுது. நேரந்தான் பத்தல" என்றார். நியாயமான பேச்சுதான். ஆனாலும் இனி எழுதப்போவதில்லை என்று முடிவு செய்து, அந்த ஞாயிறு கஸ்தூரியிடம் சொன்னேன்.

அவள் விட்டாளே பார்க்கலாம். "இன்னாடி பேசற நீ? மெஷின்ல ஒரு மூடி ஒடஞ்சி வந்தா லைனையே நிறுத்திடுவோமா? தூக்கி ஓரமா போட்டுட்டு அடுத்ததப் பாப்போம். நீ தெரிஞ்ச கணக்க மொதல்ல போட்டு முடி. செக்கிங்கெல்லாம் கடைசீல. நானே கிராஃப் எட்டு மார்க்கு, ஜியாமெட்ரி எட்டு மார்க்கு, இது ரெண்டையும் வாங்கிட்டுத்தான் மத்ததத் தொடுவேன்னு வச்சிக்கிறேன். என்னைய திருவள்ளூருக்கு மூணு வாட்டி அலய வுட்டுட்டு நீ பாதில எழுந்து போவியா? காத்தால எழுந்து மறுபடி பணத்தையோ பேப்பரையோ எதையோ கட்டு, போ."

"இலவசம்தான்" என்றேன்.

"அப்ப இன்னா கேடு?"

ஆறு வாரம் கழித்து மறுபடி உட்கார்ந்தேன். ஒரு தடவைக்கு மேல் எதையும் கூட்டவில்லை. மறுபடி கூட்டக் கை போனபோதெல்லாம், லைன் நிற்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டேன். ஏழு நிமிடம் மிச்சம் இருந்தது. தேறினேன். மின்னஞ்சலை ஜெனிதான் முதலில் படித்தாள். படித்துவிட்டு, என்னைக் கேட்காமல் அதைத் தன் தோழிகளுக்கு அனுப்பினாள்.

8

கஸ்தூரி தேர்வெழுதியது கும்மிடிப்பூண்டியில் ஒரு பள்ளியில். அவளைப் பெற்றோர் என்று நினைத்து வாசலிலேயே நிறுத்தினார்களாம். ஹால் டிக்கெட்டை எடுத்துக் காட்டியதும் வாட்ச்மேன் எழுந்து நின்றாராம். உள்ளே எப்படி எழுதினாள் என்று மட்டும் சொல்லவே இல்லை. "கேக்காத. கேட்டா போன வச்சிருவேன்" என்றாள்.

போன மாதம் ஒரு நாள், நான் இல்லத்தின் பணியாளர் அறையில் காலை டீயோடு உட்கார்ந்திருந்தபோது அவளிடமிருந்து அழைப்பு. வேலை நாளில் கூப்பிட மாட்டாள். எடுத்தால் ஒரே இரைச்சல். ஷேர் ஆட்டோவில் மதிய ஷிஃப்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"ரிசல்ட்டு வுட்டுட்டாங்களாம்டி! என் போன்ல நெட்டு சுத்திக்கினே கீது. நீ பாரு. நம்பர் சொல்றேன்."

"பொறு, பேனா..."

"எழுதாத, அப்டியே தட்டு!"

அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். நான் தட்டினேன். பக்கம் திறந்தது. எங்கள் இரண்டு பேருடைய வாழ்க்கையும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் வந்து நின்றது போல இருந்தது. கணிதம் என்ற சொல்லுக்கு எதிரே இருந்ததை இரண்டு தடவை பார்த்தேன். இதைச் சரிபார்ப்பதில் தப்பில்லை.

"இன்னாடி, இருக்கியா?"

"அம்பத்தி மூணு."

"இன்னா?"

"அஞ்சு. மூணு. அம்பத்தி மூணு. பாஸ் கஸ்தூரி. நீ பாஸ்."

அவள் என்னை விட்டுவிட்டு ஆட்டோவில் இருந்தவர்களிடம் திரும்பினாள். "எக்கா, நான் பத்தாவது பாஸ் பண்ட்டேன்! கணக்குல அம்பத்தி மூணு!" யாரோ கைதட்டினார்கள். டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார். ஒரு பெண்குரல், "இன்னா கஸ்தூரிக்கா, சொல்லவே இல்ல!" என்று கேட்டது. இவள் அழுதுகொண்டே, "சொல்லிட்டு ஃபெயிலானா நீயாடி பதில் சொல்லுவ?" என்று திட்டினாள்.

பிறகு என்னிடம் வந்தாள். "எஸ்தரு, நாளைக்கே லைன் லீடருக்கு பேரு குடுத்துருவேன். கெடைக்குதோ இல்லியோ, பேரு எழுதுவாங்க இல்ல?"

"எழுதித்தான் ஆகணும்."

"ஜெனிகிட்ட சொல்லு. அந்த எக்ஸு கணக்கு மூணு வந்துச்சி, மூணும் போட்டேன்னு. வைடி, கம்பெனி வந்துடுச்சி. லேட்டா போனா அர நாள் புடிச்சிக்குவான்."

வைத்துவிட்டாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுவதும் சிரிப்பதுமாக உட்கார்ந்திருந்ததை என்னோடு வேலை செய்யும் சாண்ட்ரா பார்த்துவிட்டாள். பதறி ஓடிவந்து, என்ன ஆயிற்று, ஊரில் யாருக்காவது ஏதாவதா என்று கேட்டாள்.

"இல்லை. என் தோழி பத்தாவது பாஸ் பண்ணிவிட்டாள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"பத்தாவதா?" சாண்ட்ரா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "பத்தாவது தடவையிலா? பாவம், எனக்கே டிரைவிங் டெஸ்ட் நாலாவது தடவைதான் கிடைத்தது. பத்துத் தடவை போக எவ்வளவு மனத்திடம் வேண்டும்! அவளிடம் என் வாழ்த்தைச் சொல்."

அது டிரைவிங் டெஸ்ட் இல்லை, பத்தாவது என்றால் எங்கள் ஊரில் இன்னது என்று விளக்க வாயைத் திறந்தேன். தேநீர் வேளை முடிய இரண்டு நிமிடம் இருந்தது. அதற்குள் சொல்லி முடிக்கிற கதையா இது?

"கட்டாயம் சொல்கிறேன்" என்றேன். "மனத்திடம் நிறைய உண்டு அவளுக்கு."